மென்பொருள் நிறுவனங்களின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

நமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோர் ஒரு காலத்தில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் வைத்தியராகவும் தொழில் பூண்டனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளிலும், அண்மைக் காலத்தில் நம்மிடம் கற்றுச் சென்ற மாணவரிலும், மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டோர் தொகை பெருகி வருகின்றது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் அவர்கள் இருக்கின்றனர். சிலர் யாழ்ப்பாணத்திலேயே தங்கி, வாடகை வீடொன்றின் மேன்மாடியிற் பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தாமே நிறுவனம் நடத்துகின்றனர். இத்தகைய நிறுவனங்கள் சில முதல் மூன்றாண்டுகளில் விரைந்து வளர்கின்றன. பின்னர் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அதன் பின்னர் பெயர்ப்பலகை கழற்றப்படுகின்றது. அவற்றை நம்பி வீட்டுக்கடன் எடுத்து மணமும் செய்துகொண்ட இளைஞர் நிலை யாதாகும் என்பதை நாம் கருதவேண்டியவர்களாக இருக்கின்றோம்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு மென்பொருளோடு யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். பழைய நூலொன்று பல நூற்றாண்டுகளைக் கடந்து எவ்வாறு உயிரோடிருக்கின்றது என்று ஆராய்வது எம் தொழில். ஓலை செல்லரிக்குமுன் அதனைப் பெயர்த்தெழுதுவோர் வேண்டும். பெயர்த்தெழுதும்போது புகுந்த பிழையைக் களைவோர் வேண்டும். வழக்கொழிந்த சொல்லுக்குப் பொருள் கூற உரையாசிரியர் வேண்டும். இவர்களுள் ஒருவர் இல்லாதொழியினும் நூல் இறந்துபடும். மென்பொருளும் எழுத்தாலாய பொருளே. அதனை முதலில் எழுதியவர் வேறு, இன்று திருத்துகின்றவர் வேறு. ஆகவே இவ்விடயத்தை எட்டநின்று நோக்குதற்கு எமக்கும் ஓரளவு உரிமை உண்டு எனத் துணிந்து எழுதலாயினேன்.

முதலில், இத்தொழிலின் இயல்பை உணர்தல் வேண்டும். சீமெந்துத் தொழிற்சாலை இருமடங்கு விற்க விரும்பினால் இருமடங்கு சுண்ணக்கல்லும் எரிபொருளும் தேட வேண்டும். மென்பொருளுக்கு அஃதில்லை. முதற்படியை எழுதுவதற்கே செலவெல்லாம். இரண்டாம் படி தொடங்கி இலட்சமாவது படிவரை ஏறத்தாழச் செலவின்றியே பெறப்படும். ஆதலால் நல்லதொரு மென்பொருள் சந்தைக்கு வந்ததும் அதன் விற்பனை பிற தொழில்களிற் காணமுடியாத வேகத்தில் ஏறும். ஐக்கிய அமெரிக்காவில் மிச் கேப்பர் என்பவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம், 1983 ஆம் ஆண்டு சனவரியில் ‘1-2-3’ என்னும் விரிதாள் மென்பொருளை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே 5 கோடி டொலருக்கு மேல் வருமானம் பெற்றது. கணக்காளர் அதற்காகவே கணினி வாங்கினர். அத்தகைய நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திற்கு விற்கப்பட்டது, 2014 ஆம் ஆண்டில் அம்மென்பொருளுக்கான ஆதரவும் முற்றாக நிறுத்தப்பட்டது. ஏறுதல் எளிதாயிருக்கும் இத்தொழிலில் ஏறிய இடத்தில் நிலைபெறுதல் ஏன் இத்துணை அரிதாயிற்று?

இதற்கு விடை காண முயன்றவருள் முதல்வர் மெயர் லேமன் என்னும் அறிஞர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிப் பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியரானவர். 1974 ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய பதவியேற்பு விரிவுரையின் தலைப்பு ‘செய்நிரல்கள், நகரங்கள், மாணவர்’ என்று தொடங்கி, வளர்ச்சிக்கு எல்லை உண்டோ என்னும் வினாவோடு முடிவது. நகரத்தையும் மாணவரையும் செய்நிரலோடு ஒருங்கு வைத்து எண்ணிய அப்பேராசிரியர்பால் ஆசிரியராகிய எமக்கு இயல்பாகவே ஒரு பற்று உண்டாகின்றது. அவர் கண்ட விதிகளுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை. மக்கள் பயன்படுத்தும் செய்நிரல் இடையறாது மாற்றப்பட்டு வரவேண்டும், இன்றேற் படிப்படியாகப் பயனற்றுப்போம் என்பது ஒன்று. அவ்வாறு மாற்ற மாற்ற அதன் சிக்கல் மிகும், சிக்கலைக் குறைப்பதற்கெனத் தனியே உழைத்தாலன்றி அது குறையாது என்பது மற்றொன்று.

இவற்றை நம் நாட்டு நிகழ்ச்சியொன்றால் விளக்கலாம். கடைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதும் மென்பொருள் ஒன்று 2020 ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என வைத்துக்கொள்வோம். அப்பொழுது பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 8. அது 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 12 ஆயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் 15 ஆயிற்று. 2024 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி 18 ஆயிற்று. மென்பொருளில் ஓரெழுத்தும் துருப்பிடிக்கவில்லை. ஆயினும் அதனை மாற்றாது வைத்திருந்த கடைக்காரர் ஒவ்வொரு சீட்டிலும் பிழையான கணக்கே கொடுத்திருப்பார். உலகம் மாறுகின்றது; மாறாத எழுத்து அதனாலேயே பிழையாகின்றது. இது லேமனின் முதல் விதி.

இரண்டாம் விதியையும் இவ்வெடுத்துக்காட்டிலேயே காணலாம். அம்மென்பொருளை எழுதிய இளைஞர், வரிவீதத்தை ஓரிடத்தில் மாத்திரம் எழுதிவைத்து ஏனைய இடங்கள் அதனைப் பார்த்துக்கொள்ளுமாறு அமைத்திருந்தால், மாற்றம் ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியமையால் 8 என்னும் எண்ணை நாற்பது இடங்களிற் தனித்தனியே எழுதியிருந்தாரேல், ஒவ்வொரு முறையும் நாற்பது இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். முப்பத்தொன்பதைக் கண்டு ஒன்றை விட்டுவிட்டாற் கணக்கு எங்கோ பிழைக்கும். எங்கே பிழைத்தது என்று தேட மூன்று நாட் செல்லும். வாட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கச் செய்நிரலாளர் 1992 ஆம் ஆண்டில் இந்நிலைக்குக் கடன் என்று பெயரிட்டார். அவசரத்தில் எழுதுவது கடன் வாங்குவது போன்றது. விரைவில் திருத்தி எழுதினால் முதலை அடைத்தவராவோம். திருத்தாது விட்டால், பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வட்டி கொடுக்கின்றோம். வட்டிக்கு வாங்கிக் காணியை ஈடுவைத்த குடும்பங்களின் கதை நம்மூரார்க்குப் புதிதன்று. அதனால் இவ்வுவமையை மேலும் விரிக்கவேண்டியதில்லை. ஒன்று மாத்திரம் குறிப்பிடவேண்டும். நிலத்தை ஈடுவைத்தவருக்குக் கடன் எவ்வளவு என்பது உறுதியில் எழுதப்பட்டிருக்கும். மென்பொருட் கடன் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. கணக்காய்வாளர் வந்து பார்த்தாலும் அவர் கண்ணுக்கு அது புலப்படாது. நிறுவனத்தின் வருமானம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும் காலத்திலேயே உள்ளே வட்டி ஏறிக்கொண்டிருத்தல் கூடும்.

வேலை தாமதமாகின்றது என்று கண்ட முதலாளி என்ன செய்வார்? மேலும் ஆட்களைச் சேர்ப்பார். நெல் வெட்டுவதற்கு அம்முறை பொருந்தும். மென்பொருளுக்குப் பொருந்தாது என்பதைப் பிரெட் புரூக்ஸ் என்பவர் 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘ஓ.எஸ். 360’ என்னும் பெரும் பணிசெயல் முறைமையை ஆக்கும் வேலைக்குத் தலைமை தாங்கி, அவ்வேலை காலந் தாழ்ந்தமையை நேரிற் கண்டவர் அவர். காலந் தாழ்ந்த வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாழும் என்றார். புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். அதனாற் பழையவரின் வேலையும் நின்றுபோகும். அன்றியும், ஒருவரோடொருவர் பேசி ஒத்துக்கொள்ள வேண்டிய இணைகளின் தொகை ஆட்தொகையினும் விரைந்து பெருகும். ஐவர் கூடின் 10 இணைகள். பதின்மர் கூடின் 45. ஐம்பதின்மர் கூடின் 1,225. பதினைந்து பேரோடு இனிது நடந்த நிறுவனம் அறுபது பேரானதும் ஏன் மூச்சுத் திணறுகின்றது என்பதற்கு இக்கணக்கே பெரும்பாலும் போதுமான விளக்கமாகும். ஆகவே பணிகளை ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாத சிறு பகுதிகளாக வகுத்துச் சிறு குழுக்களிடம் ஒப்புவித்த பின்னரே ஆட்தொகையைப் பெருக்குதல் தகும். வகுக்குமுன் பெருக்கினால் விளைவு விபரீதமே.

நிற்க. லோட்டஸ் நிறுவனம் தளர்ந்தமைக்குக் காரணம் இவை மட்டுமல்ல. அதன் ‘1-2-3’ எழுத்துத்திரையில் இயங்கிய மென்பொருள். 1980 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிற் கணினித்திரை படங்களும் சாளரங்களும் கொண்டதாக மாறத் தொடங்கியது. மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் ‘எக்செல்’ விரிதாளை 1985 இல் மக்கின்ரோஷ் கணினிக்கும் 1987 இல் விண்டோசுக்கும் ஆக்கி வெளியிட்டது. லோட்டசோ தன் பழைய மென்பொருளின் மூன்றாம் பதிப்பைச் செப்பனிடுவதிலும், ஐ.பி.எம். முன்னின்று ஆதரித்த ‘ஓ.எஸ். 2’ முறைமைக்கு எழுதுவதிலும் காலத்தைச் செலவிட்டது. விண்டோசின் மூன்றாம் பதிப்பு 1990 இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. விண்டோசுக்கான லோட்டஸ் விரிதாள் 1991 இலேயே வந்தது. சந்தை அதற்குள் கைமாறத் தொடங்கிவிட்டது. பழைய மென்பொருளை வாங்குவோர் அன்றும் நிறைய இருந்தனர் என்பதே இதிற் கவனிக்க வேண்டியது. வாங்குவோர் இலராயிருந்தால் லோட்டஸ் விழித்துக்கொண்டிருக்கும். மென்பொருள் நிறுவனத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அதன் தோல்வியுற்ற பொருளன்று. நன்றாக விற்கும் பழம்பொருளே அது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

அங்ஙனமாயிற் பழையதை முற்றாக எறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாமே என்பர் இளைஞர். பிறர் எழுதிய செய்நிரலைக் கண்டதும் ‘இஃது அலங்கோலம், முதலிலிருந்து எழுதுவோம்’ என்பது அவர்தம் இயல்பு. இதற்கு நெற்ஸ்கேப் நிறுவனத்தின் வரலாறு தக்க எச்சரிக்கையாகும். 1994 இல் தோன்றி, இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற உலாவியை ஆக்கிய நிறுவனம் அது. அதன் நாலாம் பதிப்பு 1997 இல் வந்தது. பின்னர் பழைய எழுத்தைக் கைவிட்டுப் புதிதாக எழுதத் தீர்மானித்தனர். ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. ஆறாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டு நொவெம்பரில் வந்தபோது மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. மைக்ரோசொப்றின் உலாவி அவ்விடைவெளியிற் சந்தையை ஆட்கொண்டுவிட்டது. நெற்ஸ்கேப் விட்டுச்சென்ற எழுத்திலிருந்து மொசில்லாவும் பின்னர் பயர்பொக்சும் தோன்றின என்பது உண்மை. ஆயின் அதனால் நெற்ஸ்கேப் ஊழியருக்கு யாதொரு பயனும் இல்லை. அலங்கோலமாகத் தோன்றும் பழைய செய்நிரலின் பல வரிகள், எப்பொழுதோ ஒரு வாடிக்கையாளர் கண்ட பிழையைத் தீர்க்க எழுதப்பட்டவை. அவற்றை எறிவது, உரையாசிரியர் பலர் எழுதிய உரைகளையெல்லாம் எரித்துவிட்டு மூலபாடத்தை மாத்திரம் வைத்துப் பாடஞ் சொல்லத் துணிவது போலாம்.

பழையதைக் கட்டிக்கொண்டிருப்பினும் கேடு, எறியினும் கேடு எனில் வழி யாது? இதனை ஆராய்வதற்கு மைக்ரோசொப்றைப் போன்ற நிறுவனம் பிறிதில்லை. வளர்ந்து, தேங்கி, மீண்டும் வளர்ந்தமையால் மூன்று நிலைகளையும் ஒரே இடத்திற் காணமுடிகின்றது.

பில் கேற்சும் போல் அலனும் 1975 ஆம் ஆண்டில் ‘பேசிக்’ மொழியை விற்க இதனைத் தொடங்கினர். 1981 இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாட் கணினிக்கு ‘டொஸ்’ என்னும் பணிசெயல் முறைமையை வழங்கினர். அதனைப் பிற கணினி ஆக்குவோருக்கும் விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டமையால் டொஸ் பொன்முட்டையிடும் வாத்தாயிற்று. அவ்வாறிருந்தும், அதற்கு மாற்றாக அமையவிருந்த விண்டோசை 1985 இலேயே வெளியிட்டனர். முதற் பதிப்புச் சிறப்பாக இல்லை. இரண்டாவதும் பெரிதாக விலைபோகவில்லை. 1990 இல் மூன்றாவது வென்றது. 1995 இல் வந்த பதிப்போடு டொஸ் திரைக்குப் பின்னே மறைந்தது. தன் விளைநிலத்தில் தானே அடுத்த பயிரை ஊன்றிப் பத்தாண்டு காலம் பொறுத்திருந்த நிறுவனம் எனலாம்.

இணையம் வந்தபோது நடந்தது வேறு. 1995 ஆம் ஆண்டு மே மாதத்திற் கேற்ஸ் தம் அதிகாரிகளுக்கு நீண்டதொரு குறிப்பு எழுதி நிறுவனம் முழுவதையும் இணையத்தின்பாற் திருப்பினார். திரும்பிய விரைவு போற்றத்தக்கது. ஆயினும் உலாவியை விண்டோசோடு பிணைத்து நெற்ஸ்கேப்பை நெருக்கிய முறை வழக்கில் முடிந்தது. ஐக்கிய அமெரிக்க அரசு 1998 இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க வேண்டுமென 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் கட்டளையிட்டது. மேன்முறையீட்டில் 2001 இல் அக்கட்டளை நீங்கிற்று. பிளவு தவிர்ந்ததெனினும் நிறுவனத்தின் கவனமும் நற்பெயரும் அதிற் சிதைந்தன.

அதன்பின் வந்ததே தேக்கம். ஸ்டீவ் பால்மர் 2000 ஆம் ஆண்டில் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். அவ்வாண்டிற் சுமார் 2,300 கோடி டொலராயிருந்த ஆண்டு வருமானம் 2013 இல் சுமார் 7,780 கோடியாயிற்று, மும்மடங்குக்கு மேல். ஆயினும் 1999 ஆம் ஆண்டு இறுதியில் அதன் பங்குக்கு இருந்த விலை 2016 வரை திரும்பவில்லை. வருமானம் ஏறப் பங்கின் விலை ஏறாதிருந்தது ஏன்? முந்திய விலை அளவு கடந்தது என்பது ஒரு காரணம். இப்போதைய வருமானம் முன்பு ஊன்றிய மரங்களின் கனி, புதிய கன்றுகள் இல்லை என்று முதலிட்டோர் கருதியமை மற்றொன்று. விண்டோசின் ‘எக்ஸ்பீ’ பதிப்பு 2001 இல் வந்தது; அதன் அடுத்த பதிப்பான ‘விஸ்ரா’ பொதுமக்கள் கைக்கு எட்டியது 2007 சனவரியில். இடையில் 2004 ஆம் ஆண்டில், செய்த வேலையின் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டு வேறோர் அடிப்படையிலிருந்து மீளத் தொடங்க நேர்ந்தது. லேமனின் இரண்டாம் விதிக்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. விஸ்ரா வந்த அதே ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோனும் வந்தது. கைப்பேசியில் இழந்த இடத்தைப் பிடிக்க நொக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014 இல் விலைக்கு வாங்கினர். அடுத்த ஆண்டிலேயே சுமார் 760 கோடி டொலரை நட்டமெனக் கணக்கிலிருந்து தள்ளினர்.

ஊழியரை மதிப்பிட்ட முறையும் இத்தேக்கத்திற்குத் துணைசெய்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறந்தோர், இத்தனை பேர் நடுத்தரத்தார், இத்தனை பேர் கடைத்தரத்தார் என்று முன்கூட்டியே வகுத்த விகிதப்படி தரம் பிரித்தனர். குழுவில் எல்லோரும் நன்கு உழைத்தாலும் ஒருவர் கடைநிலை பெற்றே தீர வேண்டும். வகுப்பிலே புள்ளியிடும் ஆசிரியர் எவரும் இதன் விளைவை ஊகிப்பர். திறமையாளன் மற்றொரு திறமையாளன் இருக்கும் குழுவிற் சேர அஞ்சுவான்; அறிந்ததை அயலவனுக்குச் சொல்லான். புரூக்ஸ் கணக்கிட்ட இணைகளுள் ஒவ்வொன்றும் பகையிணையாக மாறிவிடும். 2013 ஆம் ஆண்டு நொவெம்பரில் இம்முறை கைவிடப்பட்டது.

2014 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐதராபாத்திற் பிறந்த சத்யா நாதெல்லா தலைமை ஏற்றார். அவர் கையில் எடுத்த கன்றுகள் பால்மர் காலத்தில் ஊன்றப்பட்டவை என்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். கணினியை வாங்காது கணிக்கும் ஆற்றலை வாடகைக்குப் பெறும் முகிற்கணிமைச் சேவை 2008 இல் அறிவிக்கப்பட்டது. சந்தா முறையில் ‘ஒபிஸ்’ வழங்குவது 2011 இல் தொடங்கியது. கன்றுகள் இருந்தன, ஆனால் அவை விண்டோஸ் என்னும் பெருமரத்தின் நிழலில் நின்றன. முகிற்சேவைக்கே ‘விண்டோஸ் அசூர்’ என்றுதான் பெயர். 2010 இல் ஐபாட் வந்து கோடிக்கணக்கானோர் கையில் இருந்தபோதும் அதில் இயங்கும் ஒபிஸ் வெளிவரவில்லை. போட்டியாளரின் கருவிக்கு நம் மென்பொருளைக் கொடுத்தால் விண்டோசுக்குக் குறைவு வருமன்றோ என்னும் எண்ணமே அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. நாதெல்லா வந்த இரண்டாம் மாதத்தில், மார்ச் 27 ஆம் திகதி, ஐபாட்டுக்கான ஒபிஸ் வெளியாயிற்று. முகிற்சேவையின் பெயரிலிருந்து ‘விண்டோஸ்’ நீக்கப்பட்டது. சொல்லாராய்ச்சி செய்வோனுக்கு இச்சிறு பெயர்மாற்றமே எல்லாவற்றையும் உணர்த்திவிடுகின்றது. 2001 இற் பால்மர் புற்றுநோயோடு ஒப்பிட்ட லினக்ஸ் முறைமை இப்போது அதே நிறுவனத்தின் முகிற்சேவையில் விருந்தினராயிற்று.

பயனைப் பாருங்கள். 2024 ஆம் நிதியாண்டில் மைக்ரோசொப்றின் வருமானம் சுமார் 24,500 கோடி டொலர். அதில் வழங்கிகளும் முகிற்சேவையும் தந்தவை சுமார் 9,770 கோடி. விண்டோஸ் தந்தது 2,320 கோடி, அஃதாவது பத்தில் ஒன்றிலும் குறைவு. விண்டோஸ் எறியப்படவில்லை, எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் விற்கப்பட்டும் வருகின்றது. அரசனாயிருந்தது குடும்பத்தில் ஒருவனாயிற்று. நெற்ஸ்கேப்பின் வழிக்கும் லோட்டசின் வழிக்கும் நடுவே இருக்கும் வழி இதுவே என்று கருதுகிறேன்.

இம்மாற்றத்தின்போது ஓராண்டோ ஈராண்டோ வருமானம் குறைதல் கூடும். அதைத் தாங்கும் மனவலிமை வேண்டும். அடோபி நிறுவனம் தன் படச்செயலி முதலிய மென்பொருள்களின் முழுத் தொகுதியைப் பெட்டியில் வைத்துச் சுமார் 2,600 டொலருக்கு விற்று வந்தது. 2013 ஆம் ஆண்டில் இனிப் பெட்டி விற்பனைக்குப் புதிய பதிப்பு இல்லை, மாதச் சந்தாவே என அறிவித்தது. மாதம் 50 டொலர் கொடுப்பவரிடம் 2,600 டொலர் சேர நாலாண்டுக்கு மேல் செல்லும். ஆகவே 2012 இல் 440 கோடி டொலராயிருந்த வருமானம் 2013 இல் 405 கோடியாக இறங்கியது. நிகர இலாபம் 83 கோடியிலிருந்து 29 கோடியாயிற்று. வாடிக்கையாளரும் வைதனர். 2015 இல் வருமானம் பழைய அளவைக் கடந்தது. 2023 இல் 1,941 கோடியை எட்டியது. சந்தா வந்தபின் இரண்டாண்டுக்கொரு முறை பகட்டான பதிப்பு வெளியிடும் கட்டாயமும் நீங்கிற்று. சிறு திருத்தங்களை உடனுக்குடன் அனுப்பலாம். மறுபுறத்தையும் மறைத்தலாகாது. சந்தாவிலிருந்து விலகுவோரிடம் அறவிடும் கட்டணத்தை மறைத்து வைத்ததென ஐக்கிய அமெரிக்க அரசு 2024 ஆம் ஆண்டில் அடோபிமீது வழக்குத் தொடர்ந்தது. வாடிக்கையாளரை வேலி போட்டு நிறுத்தி வைப்பதும் வளர்ச்சியாகவே ஏட்டில் தெரியும். அது எத்தனை நாட் செல்லும் என்பது வேறு.

அடோபிக்கு அந்த ஈராண்டைக் கடக்கக் கையிற் பணம் இருந்தது. மேன்மாடியிற் பதினைந்து பேரோடு நடக்கும் நிறுவனத்திற்கு? இவ்விடத்திற் சென்னையோடு தொடர்புடைய சோகோ நிறுவனம் நினைவுக்கு வருகின்றது. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996 இல் ‘அட்வென்ட்நெட்’ என்னும் பெயரில் தொடங்கிய இந்நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவி ஆக்குவோருக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் எழுதிற்று. 2001 ஆம் ஆண்டளவில் அத்தொழில் உலகெங்கும் சரிந்தபோது வாடிக்கையாளர் பலர் அழிந்தனர். வெளியார் முதலைப் பெற்றிருந்தால், முதலிட்டோர் அப்போதே கடையைக் கட்டச் சொல்லியிருப்பர். இவர்கள் வெளியார் முதலை ஏற்காதவர்கள். கையிலிருந்த அறிவைக் கொண்டு பொது நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்கான மென்பொருளை ஆக்கினர். அதன் வருவாயால் 2005 இல் இணையவழி அலுவலக மென்பொருளைத் தொடங்கினர். 2009 இல் அதன் பெயரையே நிறுவனத்திற்கும் சூட்டினர். மெதுவாக வளர்ந்தமையால் மூன்று தொழில்களுக்கு மாற அவகாசம் கிடைத்தது. நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவரண முதலியோர் நிறுவிய ‘டபிள்யூ.எஸ்.ஓ. 2’ நிறுவனம் வெளியார் முதலைப் பெற்று வளர்ந்தது. 2024 இல் 60 கோடி டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் அதனைச் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்க உடன்பட்டது. ஆகவே முதல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனைத் தந்தவர் எத்தனை ஆண்டு பொறுப்பார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சோகோவின் மற்றொரு செயல் பாடசாலையாகிய நம்மை நேரே தொடுகின்றது. 2005 ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் தானே ஒரு பள்ளியைத் தொடங்கிற்று. பல்கலைக்கழகம் புகாத, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காது உதவிப்பணமும் கொடுத்து, ஏறத்தாழ இரண்டாண்டு கணிதமும் ஆங்கிலமும் செய்நிரலாக்கமும் கற்பித்துத் தன்னிடமே வேலைக்கு அமர்த்தியது. 2011 இல் தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அலுவலகமும் திறந்தது. நான் இதனை அறச்செயலாக மாத்திரம் கருதவில்லை. பத்தாண்டு பழைய செய்நிரலைப் பேணுதற்கு அதனோடு பத்தாண்டு வாழ்ந்தவர் வேண்டும். ஈராண்டுக்கொரு முறை நிறுவனம் மாறும் பட்டதாரியால் அது இயலாது. பேணும் வேலையைக் கடைத்தரம் என்று எண்ணும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு. புதியது எழுதியவர்க்குப் பாராட்டும், பழையதைத் திருத்தியவர்க்குத் தூசியும் கிடைக்கின்றன. தாமோதரம்பிள்ளையவர்களும் சாமிநாதையரவர்களும் செய்த வேலை எத்தகையது என்று அறிந்த நம்மவராவது அவ்வாறு எண்ணாதிருத்தல் தகும்.

நம் மாணவர் உயர்தரப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், வாளாவிருக்கின்றனர். அனுமதி கிடையாதோர் அதனிலும் பலர். பழைய மாணவராகிய மென்பொருள் நிறுவனத்தார் மூவரோ நால்வரோ கூடி, ஆண்டுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, தம் நிறுவனங்களின் பழைய செய்நிரல்களையே பாடநூலாக வைத்து, பிழை கண்டு திருத்தும் பயிற்சியைக் கொடுக்கலாகாதா? பிறர் எழுதியதை வாசித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியே முதற் பாடமாக இருத்தல் வேண்டும். அதற்குத் தமிழ்ப்பாட வகுப்பும் ஓரளவு துணையாகும். விழா நிதியிலிருந்து இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. கல்லூரியின் கணினிக்கூடம் பிற்பகல் இரண்டு மணிக்குப் பூட்டப்படுகின்றது. மறுநாட் காலைவரை அது வெறுமனே கிடக்கின்றது.